கருவாட்டுத் தூளில் புரண்ட பூனைகள்

கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் ஒரு குளம் இருந்தது. குளத்தின் இந்தக் கரையில் ஒரு கருவாட்டுக் கிடங்கு. அந்தக் கரையில் தாழம்புதர். கிடங்கில் பூனைகள் கூட்டமாக வாழ்ந்தன. தாழம்புதர்ப் பக்கம் மட்டும் எந்தப் பூனையும் தலைவைத்துப் படுக்காது. அங்கே போன பூனை திரும்பி வந்ததே இல்லை.

அந்தக் கூட்டத்தில் புள்ளிச்சி என்று ஒரு தாய்ப்பூனை இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் கடுகு. ஒரு நாள் காலையில் கடுகு குடித்த பாலை அப்படியே கக்கினான். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளாக நுரையைக் கக்கினான்.

"அம்மா, வயிறு என்னவோ பண்ணுது!"

"உஸ்! மெல்லப் பேசு!" என்று புள்ளிச்சி அவன் வாயைத் தன் பாதத்தால் அமுக்கினாள். கக்கியதை மண்ணைத் தள்ளி மூடினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் தாய் முதலில் வாயைப் பொத்துவாளா? அந்தக் கிடங்கில் பொத்துவாள். காரணம் மண்டையன்.

மண்டையன்தான் கூட்டத்துக்குத் தலைவன். பெரிய கடுவன் பூனை, தேங்காய் அளவுக்குத் தலை. தினமும் பொழுது சாயும்போது அவன் மதில்மேல் ஏறி உட்காருவான். பூனைகள் கீழே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போய் அவன் மூக்கோடு மூக்கை வைக்க வேண்டும். அவன் முகர்ந்து பார்ப்பான். இதற்கு மூக்கு வரிசை என்று பெயர். "ம்" என்று சொன்னால் இறங்கிப் போய் மீன் தலை தின்னலாம். "போ" என்று சொன்னால் தீர்ந்தது கதை! நோய் வாடை அடிக்கிறது என்று அர்த்தம். உடனே மொத்தக் கூட்டமும் சீறிக்கொண்டு பாயும். குளத்தைச் சுற்றி விரட்டிக்கொண்டு போய், தாழம்புதருக்குள் தள்ளிவிட்டுத்தான் திரும்பும்.

"ஒருத்தனுக்காக எல்லாரும் சாக முடியுமா?" என்பான் மண்டையன். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும்.

போன கோடையில் அப்படித்தான் சாம்பலி போனாள். சாம்பலி, புள்ளிச்சியின் கூடப்பிறந்த அக்கா. எல்லாரும் சீறியபோது புள்ளிச்சியும் சீறினாள். சீறாமல் நின்றால், "உன் மூக்கைக் காட்டு பார்ப்போம்!" என்பார்களே! சாம்பலி ஓடிக்கொண்டே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். யாரைப் பார்த்தாள் என்பது புள்ளிச்சிக்குத் தெரியும்.

இப்போது கடுகின் முறை. பொழுது சாய்ந்தால் மூக்கு வரிசை.

"தங்கச்சி! பிள்ளைக்கு முடியலையா?"

குரல் சாக்கடைப் பொந்திலிருந்து வந்தது. புள்ளிச்சி துள்ளித் திரும்பினாள். இருட்டுக்குள் கொழுத்த முகம் ஒன்று தெரிந்தது. தொப்பளான் என்ற பெருச்சாளி!

"ஓடிப் போயிடு! கழுத்தைக் கடிச்சுத் துப்பிடுவேன்!"

"கடி, கடி. என்னைக் கடிச்சா உன் பிள்ளைக்குக் குணமாயிடுமா? சாயங்காலம் மண்டையன்கிட்ட என்ன சொல்லுவே?"

புள்ளிச்சி தூக்கிய பாதத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"பொந்தில கிடக்கிறவனுக்குக் காதுதானே துணை! இதோ பாரு தாயி, எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ஒரு வழி சொல்றேன். உப்பு மூட்டைக்குப் பின்னால கருவாட்டுத் தூள் குவிஞ்சு கிடக்குது பாரு, அதுல பிள்ளையை நல்லாப் புரட்டி எடு. நீயும் புரளு. நோய் வாடை அமுங்கிப் போயிடும். உச்சி வெயில் நேரத்தில போ. அப்ப அங்க ஒரு ஈ, காக்கை வராது."

"இதுல உனக்கு என்ன லாபம்?"

"என்னைக் கண்டா விரட்டாம இரு. அது போதும். ஆனா ஒண்ணு, யார்கிட்டயும் மூச்சு விடாதே! தெரிஞ்சா உன் பிள்ளைக்குத் தாழம்புதர்தான்!"

தன் கூட்டத்தில் ஒருத்தரிடமும் சொல்ல முடியாததைப் புள்ளிச்சி ஒரு பெருச்சாளியிடம் பேசிக்கொண்டிருந்தாள். பயம் அப்படிப்பட்ட வேலையெல்லாம் செய்யும்.

உச்சி வெயிலில் அவள் கடுகைக் கவ்விக்கொண்டு உப்பு மூட்டைப் பக்கம் போனாள். அங்கே யாரோ இருந்தார்கள்! மூட்டைச் சந்தில் மண்டையன் குந்தியிருந்தான். முதுகு வளைந்து, வால் நடுங்கி, முக்கிக்கொண்டிருந்தான். தரையில் இரண்டே சொட்டு ஈரம். அதற்குமேல் வரவில்லை.

"என்ன பார்க்கிறே!" என்று உறுமினான்.

"ஒண்ணுமில்ல அண்ணே! சும்மா இந்தப் பக்கம்..."

புள்ளிச்சி பின்வாங்கினாள். நாம் மாட்டிக்கொண்டோமே என்றுதான் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் ஏன் அங்கே குந்தியிருந்தான் என்று நினைத்துப் பார்க்க அந்த நெஞ்சில் இடமில்லை. அவன் காலை அகட்டி வைத்து நடந்து போனதும், கடுகைத் தூளில் புரட்டினாள். குட்டிக்குத் தும்மல் வந்தது. கண் எரிந்தது. "வேண்டாம்மா!" என்று அழுதான். விடாமல் புரட்டினாள்.

பொழுது சாய்ந்தது. வரிசை நகர்ந்தது. புள்ளிச்சி மதில்மேல் ஏறினாள். கடுகை மண்டையனின் மூக்கடியில் வைத்தாள். மண்டையன் முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். அவனுடைய மீசை முடி கடுகின் நெற்றியில் உரசியது. கீழே நின்ற பூனைகளின் வால்கள் அசையாமல் நின்றன.

"ம்" என்றான் மண்டையன்.

பிழைத்தார்கள்! அன்றைக்குப் பிழைத்தார்கள்.

அடுத்த நாளும் புரட்டல். அதற்கடுத்த நாளும் புரட்டல். வாடை அமுங்கியது. நோய் அமுங்கவில்லை. கடுகு பால் குடிக்கவில்லை. தண்ணீர்ச் சட்டியின் முன்னால் போய் உட்காருவான். தலை தண்ணீர்மேல் தொங்கும். நாக்கு வெளியே வராது. தாகத்தோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

கிடங்கிலும் ஏதோ சரியில்லை. பக்கத்து மூலையில் இருக்கும் வெள்ளச்சியின் இரண்டு குட்டிகளும் விளையாட வரவில்லை.

"குட்டிங்க எங்கடி?" என்று கேட்டாள் புள்ளிச்சி.

"தூங்குது" என்றாள் வெள்ளச்சி. அவள் கண்களில் ஈரம் இருந்தது. மேலெல்லாம் கருவாட்டுத் தூள்.

"உன் பிள்ளை எங்க?" என்று வெள்ளச்சி திருப்பிக் கேட்டாள்.

"அவனும் தூங்கறான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விலகிப் போனார்கள்.

கடுகு கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தபோது, புள்ளிச்சி வேறு வழி கேட்கலாம் என்று சாக்கடைப் பொந்துக்கு ஓடினாள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. நின்றாள்.

"அந்தப் பரண் பெரியவனுக்கு. உப்பு மூட்டைச் சந்து நமக்கு. அடுப்படி சின்னவனுக்கு" என்றது தொப்பளான் குரல்.

"பூனைங்க இருக்கே!" என்றாள் அவன் பெண்டாட்டி.

"இன்னும் கொஞ்ச நாள் பொறு. எல்லாம் அந்த ஒரே குவியல்லதான் வந்து புரளுதுங்க. இது விட்டுட்டுப் போன நோயை அது பூசிக்கிட்டுப் போவுது! ஆளுக்கு ஒரு நேரம் சொல்லி விட்டிருக்கேன். ஒருத்தி வர்றது இன்னொருத்திக்குத் தெரியாது."

"அதுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டா நம்ம குட்டு உடைஞ்சிடுமே?"

"பேசாது!" என்று தொப்பளான் சிரித்தான். "பயம் இருக்கிற மட்டும் பேசவே பேசாது."

புள்ளிச்சிக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்றது. கத்தலாமா? யாரிடம் கத்துவது? என்னவென்று கத்துவது? என் பிள்ளைக்கு நோய் என்றா?

திரும்பி ஓடினாள். கடுகைக் கவ்வினாள். பஞ்சு மாதிரி இருந்தான். சாயங்காலம் எப்படியும் மண்டையன் "போ" என்பான். அந்தச் சீறலைப் பிள்ளை காதால் கேட்க வேண்டாம். பட்டப்பகலில், குளத்தைச் சுற்றி, தாழம்புதரை நோக்கி நடந்தாள்.

முள் கீறியது. உள்ளே சிறு சிறு எலும்புகள் கிடந்தன. ஒரு மண்டை ஓட்டின் கண்குழியில் எறும்பு ஊர்ந்தது. புள்ளிச்சி கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள்.

"தூக்கிட்டு வந்தியா, தூக்கிப் போட வந்தியா?"

கண்ணைத் திறந்தாள். எதிரே ஒரு பூனை. மெலிந்த உடம்பு, கிழிந்த காது, சாம்பல் நிறம்.

"அக்கா!" வாயிலிருந்த கடுகைக் கீழே வைத்தாள். "அக்கா! நீ... உயிரோட இருக்கியா!"

"உங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்குதோ?" என்றாள் சாம்பலி.

"அக்கா, அன்னிக்கு நானும் சீறினேன்."

"காதில விழுந்துச்சு." சாம்பலி குனிந்து குட்டியைப் பார்த்தாள். "பேர் என்ன வச்சே?"

"கடுகு."

சாம்பலி உட்கார்ந்தாள். கடுகின் முகத்தில் அப்பியிருந்த தூளை நக்கி நக்கித் துப்பினாள்.

"தொடாதே அக்கா! உனக்கும் ஒட்டிக்கும்!"

"எனக்கு வந்து போயாச்சு. இதே நோய்தான். வந்து பிழைச்சவளை இது மறுபடி தொடாது போல. நீங்க விரட்டிவிட்ட குட்டிங்க எத்தனையோ என் வயித்தை ஒட்டித்தான் படுத்துச் செத்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலை."

"நீ எப்படி அக்கா பிழைச்சே?"

"யாருக்குத் தெரியும்! இங்க மூக்கு வரிசை கிடையாது. வலிச்சா வாய்விட்டுக் கத்தினேன். பனித்தண்ணியை நக்கினேன். கிடந்தேன். எழுந்தேன்." சாம்பலி வானத்தைப் பார்த்தாள். கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. "ஆனா இவன் இந்த ஈரத்தில தாங்கமாட்டான். மழை வந்தா முடிஞ்சுது. சூடான இடம் வேணும். நல்ல தண்ணி வேணும். கிடங்கில மீன் அவிக்கிற அடுப்புச் சுவர் இருக்கே, அந்த மாதிரி."

"அங்கயா! கொன்னுடுவாங்க!"

"அப்ப சரி. இங்கயே சாகட்டும்."

புள்ளிச்சி கடுகைப் பார்த்தாள். விலா எழுந்து எழுந்து அடங்கியது. ஒவ்வொரு முறை அடங்கும்போதும், மறுபடி எழுமா என்று அவள் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"என்கூட வருவியா அக்கா?"

"என்னை விரட்டின வாசலுக்கா?" என்றாள் சாம்பலி. கடுகைத் தானே கவ்விக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூக்கு வரிசை தொடங்கியிருந்தது. முதலில் பார்த்த பூனை அலறியது. "சாம்பலி! செத்துப்போன சாம்பலி!" வரிசை சிதறியது. முதுகுகள் வில்லாக வளைந்தன.

"யார் அது!" என்று மண்டையன் மதில்மேலிருந்து உறுமினான்.

புள்ளிச்சி கடுகை வாங்கினாள். மதில்மேல் ஏறினாள். மண்டையனின் காலடியில் வைத்தாள். அன்றைக்குத் தூள் இல்லை. நோய் வாடை காற்றில் பரவியது.

"மோந்து பாருங்க அண்ணே! என் பிள்ளைக்கு நோய்! பல நாளா நோய்! கருவாட்டுத் தூள்ல புரட்டிப் புரட்டி உங்க மூக்கை ஏமாத்தினேன்!"

"போ!" என்று கத்தினான் மண்டையன். "விரட்டுங்க! ரெண்டு பேரையும் விரட்டுங்க!"

யாரும் சீறவில்லை.

மண்டையன் கீழே பார்த்தான். பூனைகள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளச்சி மட்டும் தலையைத் தூக்கினாள்.

"என் குட்டிங்க தூங்கலை, புள்ளிச்சி" என்றாள். "ரெண்டும் செத்துப்போச்சு. அந்தத் தூளுக்குள்ளயேதான் புதைச்சு வச்சிருக்கேன்."

புள்ளிச்சி கடுகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தத் தூளிலா! அதிலா நான் பிள்ளையைப் புரட்டினேன்!

"தூள் விஷயம் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"தொப்பளான். விடியக்காலம் போகச் சொன்னான்."

"எனக்குப் பொழுது இறங்கும்போது" என்றது ஒரு குரல். தவிட்டு நிறக் கிழட்டுப் பூனை. "நாள் பூராத் தண்ணி குடிக்கிறேன், தாகம் அடங்கலை. தின்னது உடம்பில ஒட்டலை. எலும்பும் தோலுமா ஆயிட்டேன். வெளியே சொன்னா விரட்டிடுவீங்களேன்னு நானும் புரண்டேன்."

"எனக்கு ஈறெல்லாம் அழுகிக் கிடக்குது. மீன் தலையை மெல்லாம முழுங்கறேன்."

"என் காதுக்குள்ள பூச்சி குடையுது. ராத்திரியெல்லாம் சுவத்தில தேய்க்கறேன்."

வரிசையின் கடைசியில் ஒரு சின்னக் கருப்பி அழுதாள். "எனக்கு நின்ன இடத்திலயே கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. வாயில நுரை வருது. இப்படி ஒரு நோய் எந்தப் பூனைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்."

எல்லார் மேலும் அதே தூள். எல்லாரும் மெல்லத் திரும்பிச் சாக்கடைப் பொந்தைப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது.

"அப்ப இந்தக் கிடங்கில நோய் இல்லாதவன் நான் ஒருத்தன்தானா!" என்றான் மண்டையன். குரல் உயரவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தான். பின்னங்கால் மடங்கியது.

புள்ளிச்சி அருகில் இருந்தாள். இத்தனை நாள் அவன்தான் எல்லாரையும் முகர்ந்தான்; அவனை ஒருத்தரும் முகர்ந்ததில்லை. அவள் இப்போது முகர்ந்தாள். தூள் வாடைக்கு அடியில் புளித்த மூத்திர வாடை.

"அண்ணே, அன்னிக்கு மூட்டைச் சந்தில..."

"சொல்லாதே!" என்றான் மண்டையன். பிறகு சட்டென்று அந்தப் பெரிய தலை தொங்கிப்போனது. "முன்னே சொட்டுச் சொட்டா வந்துச்சு. இப்ப முக்கறேன், வரலை. அடிவயிறு கல்லாட்டம் ஆயிடுச்சு. யார்கிட்ட சொல்றது? நான் போட்ட சட்டம் என்னையே விரட்டுமே!"

அவன் மதிலிலிருந்து இறங்கினான். தானாகவே குளத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினான். தாழம்புதருக்கு!

சாம்பலி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணே? அங்க இடம் இல்லை. எலும்பா நிறைஞ்சு கிடக்குது. உங்க நோய் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வலிச்சா கத்தணும். அதோ அலங்காரம் அக்கா மீன் அவிச்சிக்கிட்டு இருக்காங்க. அவங்க காதில விழற மாதிரி கத்துங்க!"

அலங்காரம் அந்தக் கிடங்குக்காரம்மா. மண்டையன் அவள் காலடியில் போய் விழுந்தான். வாயைத் திறந்தான். அத்தனை பெரிய கடுவன் வாயிலிருந்து குட்டியின் குரல்தான் வந்தது.

"அடப் பாவி மண்டையா! என்னடா ஆச்சு!" அலங்காரம் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கை சட்டென்று நின்றது. "ஐயோ, ஒண்ணுக்கு அடைச்சிருக்குதே! எத்தனை நாளாடா இப்படி?" மீன் கூடையில் சாக்கை விரித்து அவனைப் படுக்கவைத்துக்கொண்டு அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் டாக்டரிடம் ஓடினாள்.

கடுகையும், மற்ற மூலைகளில் சுருண்டு கிடந்த குட்டிகளையும் அடுப்புச் சுவரோரம் கொண்டுபோனார்கள். சாம்பலி ஒருத்திதான் அவர்களோடு இருந்தாள். மற்ற யாரும் கிட்ட வரக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். புள்ளிச்சி சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கிடந்தாள். மழை தகரத்தில் அறைந்தது.

"அக்கா?" என்று கேட்பாள்.

"இருக்கான்" என்று பதில் வரும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா?"

"இருக்கான்."

ஒரு முறை வேறொரு தாய் கேட்டபோது சாம்பலி பதில் சொல்லவில்லை. அந்தத் தாய் மறுபடி கேட்கவில்லை. எழுந்து மழைக்குள் போனாள். அதற்குப் பிறகு புள்ளிச்சிக்குக் கேட்கவே நடுக்கமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மழை விட்டது. கிழக்கே வெளுத்தது.

"அக்கா?"

பதில் இல்லை.

"அக்கா!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. "அம்மா" என்றது ஒரு மெல்லிய குரல். "மீன் வாசனை அடிக்குது."

புள்ளிச்சி ஈரத் தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அலங்காரம் வெயில் ஏறிய பிறகு வந்தாள். கூடையில் மண்டையன். துவண்டு போயிருந்தான், ஆனால் கண் விழித்திருந்தான். "குழாய் விட்டு எடுத்தாரு டாக்டரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயே போயிருப்பான்னாரு" என்று அலங்காரம் அவனிடமே சொன்னாள். "முன்னாடியே வாயைத் திறந்து கத்தியிருந்தா அப்பவே தூக்கிட்டுப் போயிருப்பேன்ல! என்ன கவுரவம்டா உனக்கு?" பிறகு அவள் கிடங்கைப் பெருக்கினாள். தூள் குவியலைக் கிளறியபோது துடைப்பம் நின்றது. உள்ளே வெள்ளச்சியின் குட்டிகள். அவள் குவியலோடு வாரிக்கொண்டு போய்ப் புதைத்தாள். தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். மருத்துவரையே கிடங்குக்கு வரவழைத்து, இருக்கிற பூனைகளையெல்லாம் காட்டினாள்.

மூக்கு வரிசை நிற்கவில்லை. மண்டையன் பழையபடி மதில்மேல் உட்காருவான். ஆனால், "முதல்ல என்னை மோந்து பாருங்க" என்பான்.

ஒரு நாள் நண்பகலில் கடுகு தும்மினான். மறுபடி தும்மினான். மூக்கில் நீர் ஒழுகியது. புள்ளிச்சியின் முடி சிலிர்த்தது. பழைய பயம் அப்படியே எழுந்து வந்தது. அவளை அறியாமல் பாதம் பிள்ளையின் வாயைப் பொத்தப் போனது.

"தங்கச்சி!" சாக்கடைப் பொந்திலிருந்து குரல் வந்தது. "பிள்ளைக்குத் தும்மல் போல இருக்குதே? சத்தம் போடாதே. யாருக்கும் தெரிய வேண்டாம். என்கிட்ட ஒரு வழி இருக்கு..."

புள்ளிச்சி பாதத்தை இழுத்துக்கொண்டாள். நடுமுற்றத்துக்குப் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "கடுகுக்குத் தும்மல்!"

"எப்பலேருந்துடி?" என்று வெள்ளச்சி ஓடி வந்தாள்.

"கண்ணில பீளை ஒட்டுதா பாரு!" என்றது தவிட்டுப் பூனை.

"அடுப்புச் சுவர்கிட்ட கூட்டிட்டுப் போ! சாம்பலியைக் கூப்பிடு!" என்றான் மண்டையன், மதில்மேலிருந்து.

பொந்துக்குள் கனமான எதுவோ ஒன்று தன்னை இழுத்துக்கொண்டு, வேறொரு கிடங்கைத் தேடிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

நோய் வந்தவரை விரட்டுகிற கூட்டம் நோயை விரட்டுவதில்லை, அது ஒளிந்துகொள்ள இடம்தான் தேடித் தருகிறது.